மில் கேட் தாண்டும்போது

முதலில் கெடுத்தவன் சாமியப்பன். மற்றவர்களெல்லாம் அவனுக்கு அப்புறம்தான். ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடிவராமல் போனில் பேசிக்கொண்டு நின்ற ஆஸ்பத்திரிக்காரன், முகத்தைக்கூடத் தூக்காமல் "வரும்போதே உசுரு இல்லைங்களே" என்று சொன்ன சின்ன டாக்டர், எழவு வீட்டுக்கு வந்து "எத்தனை உசுரக் காப்பாத்துன கை, உங்களுக்கே இப்படி ஆயிருச்சுங்களே" என்று ஆறுதல் சொல்கிற சாக்கில் ஊசி ஏற்றிவிட்டுப் போன சனம், இவர்கள் எல்லாரையும் நாச்சிமுத்து நாலு வருசமாக வரிசை கலையாமல் மனசுக்குள் நிறுத்தி வைத்திருந்தார். வரிசையில் முதல் ஆள் மட்டும் ஒருநாளும் மாறியதில்லை. சாமியப்பன், அவர் சம்சாரம் தெய்வாத்தாளின் கூடப்பிறந்த அண்ணன், எட்டு ஏக்கர் முருங்கைக்காட்டுக்காரன். பாதி வழியில், மூணு ரோட்டில், ஆம்புலன்சுக்குப் பின்னாலிருந்து "இடது பக்கம் திருப்புங்க மாப்ளே, பெரிய ஆஸ்பத்திரிக்கே போயிரலாம்" என்று குரல் கொடுத்தவன். வலது பக்கம் திரும்பினால் பத்தொன்பது கிலோமீட்டரில் மிஷன் ஆஸ்பத்திரி. இடது பக்கம் முப்பத்தொரு கிலோமீட்டரில் பெரிய ஆஸ்பத்திரி. அவன் சொன்னான், வண்டி ஓட்டின இவர் திருப்பினார், தெய்வாத்தாளை உயிரோடு இறக்க முடியவில்லை. அது யார் தப்பு என்று இன்றைக்குத் தெரிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி, கோயமுத்தூரில் மகள் கோகிலாவின் வீடு, இரண்டாவது மாடி. சாப்பாட்டு மேசைமேல் லேப்டாப். அதற்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் நாச்சிமுத்து, சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, கோர்ட்டில் தீர்ப்புக் கேட்க வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். திரையில் ஒரு பச்சைக் கோடு இடமிருந்து வலமாக நத்தைபோல ஊர்ந்தது. "அப்பா, அதையே பாத்துட்டிருந்தா வேகமாப் போகாதுங்கப்பா. நாப்பது நிமிசம் ஆகும். காப்பி குடிங்க" என்று கோகிலா அடுப்படியிலிருந்து சொன்னாள். அவர் கோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பத்தொன்பது வருசம் ரோட்டைப் பார்த்த கண். பார்க்காமல் விட்டால் வண்டி எங்காவது போய்விடும் என்கிற பழக்கம்.

கோகிலாவுக்கு மருந்துக் கம்பெனிக்காரர்களுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிற வேலை. இரண்டு மருந்தில் எது தேவலை, இதைத் தின்றவர்கள் எத்தனை பேர் எழுந்து நடந்தார்கள், அதைத் தின்றவர்கள் எத்தனை பேர், என்று பார்த்துச் சொல்லவேண்டும். ஆர் என்று ஒரு மொழியாம், ஓர் எழுத்துத்தான் பேர், அதில் எழுதினால் கம்ப்யூட்டருக்குப் புரியுமாம். அவள் வேலையைப் பற்றி அவர் அதிகம் கேட்டதில்லை. போன தைப் பொங்கலுக்கு வந்திருந்தபோதுதான், அவள் யாரிடமோ போனில் "எது மேலுங்கிறதுக்கு வாய்ப்பு எவ்வளவுன்னு சொல்லலாமுங்க, நூத்துக்கு எத்தனைன்னு" என்று பேசியது காதில் விழுந்தது. அன்றைக்குச் சாப்பிடும்போது கேட்டார். "ரெண்டு மருந்துக்குப் பதிலா ரெண்டு ரோடுன்னா பாக்க முடியுமா கண்ணு?" கோகிலா கையில் எடுத்த சோற்றைத் திரும்பத் தட்டில் வைத்தாள். எந்த ரோடு என்று கேட்கவில்லை. "தகவல் வேணுமேப்பா" என்றாள். தகவல் அவரிடம் இருந்தது. அஞ்சாங்கிளாசோடு படிப்பு நின்றுபோனாலும் எழுதுகிற பழக்கம் நிற்கவில்லை. டிரஸ்ட் ஆம்புலன்சில் சேர்ந்த நாளிலிருந்து ஒவ்வொரு சவாரியையும் நீள நோட்டில் தனக்கென்று எழுதி வைத்திருந்தார், பதினொரு நோட்டு. தேதி, ஏற்றின நேரம், என்ன தொந்தரவு, மூணு ரோட்டில் எந்தப் பக்கம், இறக்கின நேரம். இடதுக்கு இ. வலதுக்கு வ. இறக்கும்போது உயிர் இருந்தால் உ. ஆஸ்பத்திரிக்குள்ளே போனபிறகு இறந்துபோனதாகக் கேள்விப்பட்டால் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. அந்தக் கோணல் எழுத்தையெல்லாம் கோகிலா மூன்று மாசம், குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏற்றினாள். நெஞ்சுவலிக்காரர்கள் மட்டும் இருநூற்றுப் பதினாலு பேர். இடது பக்கம் நூற்று இருபத்தாறு, வலது பக்கம் எண்பத்தெட்டு. அம்மாவை மட்டும் அதில் சேர்க்கவில்லை என்றாள். அம்மாவுக்காகத்தானே பார்க்கிறோம் என்றாள்.

நாற்பது நிமிசம் எதற்கு, எண்ணி வகுத்தால் ஆகாதா என்று கேட்டதற்கு அவள் தாயம் உருட்டுகிற புளியங்கொட்டையை வைத்துச் சொன்னாள். எண்ணினது உண்மையான ரோடு இல்லையாம், ரோட்டில் நாம் கண்ட கொஞ்சம் பேராம். இன்னொரு நூற்று இருபத்தாறு பேரை ஏற்றியிருந்தால் வேறு மாதிரி வந்திருக்கும். அதனால் வயசு, நேரம், மழை எல்லாவற்றையும் சேர்த்து, இடது ரோடு இப்படி இருக்கலாம், வலது ரோடு அப்படி இருக்கலாம் என்று கம்ப்யூட்டர் தானாக ஒரு சோடியைக் குலுக்கிப் போடும். எது மேல் என்று குறித்துக்கொள்ளும். திரும்பக் குலுக்கும். பத்தாயிரம் தடவை. அதில் இடது எத்தனை தடவை ஜெயித்தது என்று கடைசியில் சொல்லும். நாச்சிமுத்துவுக்குப் புளியங்கொட்டை ஒன்றும் தெரியவில்லை. அவர் கண்ணுக்குப் பத்தாயிரம் வெள்ளை வண்டிகள் தெரிந்தன. எல்லாவற்றுக்கும் தலையில் சிவப்பு விளக்கு. எல்லாம் மூணு ரோட்டுப் பெட்டிக்கடைக்கு முன்னால் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, ஒரு நொடி நின்று, திரும்பின. எல்லாவற்றிலும் இவரேதான் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். ஒன்றிலாவது இவர் வலது பக்கம் திருப்பியிருப்பாரா என்று எட்டிப் பார்த்தார். லேப்டாப்பின் அடியில் விசிறி உஸ்ஸென்று இரைந்தது. ஏற்றத்தில் மூன்றாவது கியரில் போகிற சத்தம். இந்தச் சின்னப் பெட்டிக்கும் மூச்சு வாங்குகிறது, பாவம். நம்பர் மட்டும் வரட்டும். அதை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு நேராக முருங்கைக்காட்டுக்குப் போகவேண்டும். உட்காரக் கூடாது. கொடுக்கிற தண்ணியைக் குடிக்கக் கூடாது. நின்றபடியே, இந்தாடா சாமியப்பா, படிச்சவ போட்ட கணக்கு, உன்ற மருமக போட்டது, பாத்துக்க. அவன் என்ன சொல்வான்? அவன் முகம் எப்படி இருக்கும்? அந்த முகத்தை நாச்சிமுத்து இத்தனை வருசத்தில் எத்தனையோ விதமாகப் பண்ணிப் பார்த்திருந்தார். அழுகிற முகம், எகிறுகிற முகம், காலில் விழுகிற முகம். ஒன்றும் சாமியப்பன் முகமாகப் பொருந்தவில்லை.

அன்றைக்கும் பட்டப்பகல்தான். மூன்று மணி. சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தார், வண்டி வாசலில் நின்றது. சாமியப்பன் ஒரு சாக்கு முருங்கைக்காய் கொண்டுவந்து போட்டுவிட்டு மோர் குடித்துக்கொண்டிருந்தான். "இத்தனை காயை யாரண்ணா திங்கறது" என்று சிரித்துக்கொண்டே சாக்கைத் தூக்கப் போன தெய்வாத்தாள் அப்படியே குனிந்தபடி நின்றாள். நெஞ்சைப் பிடிக்கவில்லை. இடது தோளைப் பிடித்தாள். அவருக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. கூட வருகிற நர்சுப் பெண்ணுக்கு அன்றைக்கு லீவு. சாமியப்பன் பின்னால் ஏறிக்கொண்டான். அவன் சட்டை முழுக்கப் பச்சை முருங்கை வாசம், அது வண்டிக்குள் நிறைந்தது. இப்போதும் எங்கிருந்தோ அந்த வாசம் வந்தது. கோகிலா குக்கரில் சாம்பார் வைத்திருக்கிறாள். முருங்கைக்காய் போட்டிருப்பாளோ. போடமாட்டாள், அவளுக்குத் தெரியும். தெரியுமா, அவளிடம் சொன்னதில்லையே. நாலு வருசமாக இலையில் ஒதுக்கி வைக்கிறதை அவள் பார்த்திருக்க மாட்டாளா. மூணு ரோட்டுக்கு வருமுன்னாலேயே கை வலது இண்டிகேட்டரைப் போட்டுவிட்டது, அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. டிக் டிக் டிக் என்கிற சத்தம்கூட. கூட வருகிறவர்கள் பேச்சைக் கேட்டு வண்டி ஓட்டக் கூடாது என்பது அவரே போட்டுக்கொண்ட சட்டம். மகன் இடது என்பான், மருமகள் வலது என்பாள், அவர்களுக்கு அந்த நேரத்தில் கண்ணே தெரியாது. "நாயம் பேசறதுன்னா எறங்கிப் பேசுங்க" என்று எத்தனை பேரை அதட்டியிருக்கிறார். பத்தொன்பது வருசத்தில் ஒருத்தர் பேச்சுக்கும் ஸ்டியரிங் திரும்பியதில்லை. அன்றைக்குத் திரும்பியது. ஏன் திரும்பியது? பெரிய ஆஸ்பத்திரி என்றான். அங்கே எல்லா வசதியும் இருக்குது என்றான். அவள் பிறந்த வீட்டுக்காரன். அவள் விஷயத்தில் எனக்கு மட்டுமா பாத்தியதை என்று ஒரு கணம் தோன்றியிருக்கும். தோன்றியதா? கை திரும்பியபிறகுதான் தோன்றியதா? இந்த இடத்துக்கு வந்தால் நினைப்பு பழைய டயர் மாதிரி அங்கேயே சுற்றும், முன்னால் போகாது. அவனா சொன்னான்? அவன்தான் சொன்னான்.

அதற்கப்புறம் நாலு தடவை கேட்டார். கல்லுப் பாலத்தில் கேட்டார். காத்தாடிக்காட்டில், அந்த வெள்ளைக் காற்றாலைகள் வரிசையாக நிற்கிற இடத்தில் கேட்டார். மில் கேட்டில் கேட்டார். ரயில்வே லைனைத் தாண்டியதும் கேட்டார். "உசுரு இருக்குதா மச்சான்?" "இருக்குதுங்க மாப்ளே, போங்க." நாலு தடவையும் அதே பதில், அதே குரல், கூடக் குறைச்சல் இல்லை. கண்ணாடியில் பார்த்தால் அவன் முதுகுதான் தெரிந்தது. ஆஸ்பத்திரி வாசலில் கதவைத் திறந்து அவள் காலைத் தொட்டார். சில்லென்றிருந்தது. ஆனால் அவர் கை பட்டது கொலுசில். வெள்ளிக் கொலுசு எப்போதும் சில்லென்றுதான் இருக்கும்.

பச்சைக் கோடு முட்டியதும் கோகிலா கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். எதையோ தட்டினாள். ஒரு எண் வந்தது. அவர் நாற்காலியை மேசைக்கு நெருக்கிப் போட்டார். "என்ன சொல்லுது கண்ணு?" "இடதுங்கப்பா." "இடதுன்னா?" "பத்தாயிரத்துல எட்டாயிரத்து ஐந்நூத்துச் சொச்சம் தடவை இடது பக்கம்தான் மேலுன்னு வருது. நூத்துக்கு எம்பத்தஞ்சு." அவர் திரையைப் பார்த்தார். எண்பத்தைந்து. பூச்சியத்துக்கும் ஒரு புள்ளிக்கும் அப்புறம் எட்டும் ஐந்தும். அப்படியானால் சாமியப்பன் சொன்னது சரி. பின்னால் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நூற்றுக்கு எண்பத்தைந்து சரி. கோகிலா மெதுவாக அவர் முழங்கை மேல் கையை வைத்தாள். "இது நல்லதுதானேப்பா. நீங்க திருப்புனதும் தப்பில்லைன்னுதான சொல்லுது. யாரு மேலயும் தப்பில்ல." யார் மேலும் தப்பில்லை. இந்த மூன்று மாசமும் இவள் கண்விழித்தது இதற்குத்தானா, அப்பனை ஆற்றுவதற்கா. அவளுக்கு எப்படிச் சொல்வது, அவன் மேல் இருக்கிற கோபம்தான் காலையில் என்னை எழுப்பிவிடுகிறது, அதையும் எடுத்துவிட்டால் அந்த வீட்டில் நானும் உங்கம்மாவுடைய அஞ்சறைப் பெட்டியும்தான் என்று. கோபம் போய்விட்டால் மிச்சம் என்ன, தெய்வாத்தாள் இல்லை என்பது மட்டும்தான். வெறும் இல்லை. அதைக் கையில் எப்படிப் பிடிப்பது. பக்கத்து வீட்டுத் தண்டபாணி ஒருநாள் சலூனில் கத்தி கழுத்தில் இருக்கும்போது கேட்டானே, "என்னுங் நாச்சிமுத்தண்ணா, மச்சானோட இன்னும் பேச்சு வார்த்தையே இல்லீங்களாமா? பாகிஸ்தான்காரனே பேசறான்" என்று. எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். எண்பத்தைந்து. எப்படி வரும்? முப்பத்தொரு கிலோமீட்டர், ஓடுகிற வண்டி, அடைத்துக்கொண்ட நெஞ்சு. தூரமான ரோடு எப்படி மேலாகும்? அவர் ரோட்டை அறிவார். இடது ரோட்டில் எத்தனை பேர்.

அப்போதுதான் அவருக்கு அது தட்டியது. காலில் முள் ஏறியதைப்போல முதலில் சுருக்கென்றது, என்னவென்று குனிந்து பார்க்க ஒரு நிமிசம் ஆனது. "கண்ணு, அந்தச் செத்தவங்களை எப்படி எண்ணுச்சு?" "நீங்க பெருக்கல் போட்டிருக்கீங்களே, அதை வெச்சு. இடதுல இருபது, வலதுல பத்தொம்பது." "வண்டில செத்தவங்க?" "வண்டில யாரும் சாகலையேப்பா. எல்லாருக்கும் உ-ன்னுதான போட்டிருக்கீங்க. நான்கூட நெனச்சேன், எங்கப்பன் எப்பேர்ப்பட்ட டிரைவருன்னு." அவள் சிரித்தாள். "உங்கம்மா வரியை எடு" என்றார். "எதுக்குங்கப்பா இப்ப." "எடு கண்ணு." அவள் பதினோராம் நோட்டைப் புரட்டினாள். அந்தப் பக்கத்தை அவள் ஏற்றாமல் மடித்துவைத்திருந்தாள், படிக்காமலே. இப்போது படித்தாள். மூணு மணி எட்டு நிமிசம். நெஞ்சுவலி. பெண், ஐம்பத்தாறு. இ. மூணு ஐம்பத்தொன்பது. உ. பக்கத்தில் பெருக்கல் இல்லை. கோகிலா அந்த ஒற்றை எழுத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். நோட்டின்படி அவள் அம்மா உயிரோடு இறங்கியிருந்தாள். பெருக்கல் குறி இல்லாததால் இன்னும் உயிரோடுதான் இருந்தாள். "அப்பா," என்றாள், "இது மாதிரி எத்தனை பேருங்கப்பா?"

வண்டியில் யாரும் சாவதில்லை. அது அவர் கண்டுபிடித்ததில்லை, அவருக்கு முன்னால் ஓட்டின மூத்த டிரைவர்களிடமிருந்து வந்த முறை. வழியில் போய்விட்டதென்று தாளில் எழுதினால் எந்த இடம், எத்தனை மணி, ஏன் மெதுவாக வந்தாய் என்று கேள்வி வரும். போலீஸ் வரும். அறுத்துத்தான் கொடுப்போம் என்பார்கள். வண்டிக்குச் சாவு வண்டி என்று பேராகிவிட்டால் அப்புறம் கர்ப்பிணிகள் ஏறமாட்டார்கள். அதனால் உ. எல்லாருக்கும் உ. கூட வருகிறவர்கள் முன்சீட்டில் உட்கார்ந்து கையைப் பிசைந்துகொண்டு கேட்பார்கள். இருக்காங்க, தைரியமா இருங்க. அதைச் சொல்லிச் சொல்லிச் சொந்த நோட்டிலும் அதையே எழுதினார். அது பொய்யென்று ஒருநாளும் தோன்றியதில்லை. மரியாதை என்று தோன்றியிருக்கலாம். அந்த மரியாதையெல்லாம் பத்தொன்பது வருசமாகச் சேர்ந்து, தூரமான ரோட்டை ஒருத்தரும் சாகாத ரோடாக்கி, இன்றைக்குச் சாமியப்பனைக் கொண்டுபோய் எண்பத்தைந்தில் உட்காரவைத்துவிட்டது. "திருத்தலாங்கப்பா. யாரு யாருன்னு ஞாபகம் இருக்குதா?" என்று கோகிலா கேட்டாள். ஞாபகமா.

அவர் சொல்லச் சொல்ல அவள் திருத்தினாள். ரெண்டாம் நோட்டு, தேங்காய்க்களத்துக்காரர், ஆவணி மாசம், கல்லுப் பாலம். மூணாம் நோட்டு, டெய்லர் சம்சாரம், காத்தாடிக்காடு, ரெண்டாவது காத்தாடி. அதே நோட்டில் ஒரு வாத்தியார், ரயில்வே லைன் தாண்டி வேகத்தடையில். "எப்படிங்கப்பா இடம்கூடத் தெரியுது, நீங்க முன்னால ஓட்டிட்டுத்தான இருந்தீங்க?" என்றாள். அழுகைதான். பின்னால் உட்கார்ந்திருக்கிறவர்கள் அதுவரைக்கும் கூப்பிடுவார்கள், அப்பா அப்பா, ஏனுங்க ஏனுங்க, கண்ணைத் திறங்க. திடீரென்று கூப்பாடு நின்றுவிடும். ஒரு மூச்சு நேரம் ஒன்றுமே கேட்காது. அப்புறம் வேறு அழுகை வரும். அந்த ஒரு மூச்சு நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே எது நின்றதோ, மரமோ மைல்கல்லோ, அது மனசில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிடும். ஒன்பதாம் நோட்டில் பத்தொன்பது வயசுப் பையன், நெஞ்சுவலி என்று யாரும் நம்பவில்லை, மில் கேட்டுக்கு முன்னால் பஞ்சு லாரி நின்ற இடம். கோகிலா நடுவில் ஒருதடவை எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். குக்கரை எப்போது அணைத்தாளென்று தெரியவில்லை. இடது ரோட்டில் இருபத்துமூன்று பேர். வலது ரோட்டில் நாலு பேர். இருபத்தேழு பேரையும் அவர் ஒவ்வொருவராக இறக்கிவிட்டார். இத்தனை வருசம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், மகளுடைய சாப்பாட்டு மேசைமேல் அவர்கள் செத்தார்கள்.

திரும்பப் பச்சைக் கோடு. திரும்ப நாற்பது நிமிசம். இந்தத் தடவை கோகிலா எழுந்து போகவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மருமகனும் குழந்தையும் நீச்சல் கிளாசிலிருந்து வர இன்னும் நேரம் இருந்தது. விசிறி இரைந்தது. பத்தாயிரம் வண்டிகள் திரும்பப் பெட்டிக்கடை முன்னால் வந்தன. ஆனால் இப்போது சில வண்டிகளில் பின்னால் அழுகை கேட்டது. கோடு முட்டியபோது மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. "வலதுங்கப்பா," என்றாள். "நூத்துக்குத் தொண்ணூறு." தொண்ணூறு. அவர் ஜெயித்துவிட்டார். இதற்குத்தானே வெள்ளைச் சட்டை. தாளில் எழுதிக்கொடு என்று சொல்ல வாயெடுத்தார். வாய் வேறொன்றைக் கேட்டது. "அப்ப உங்கம்மா இருந்திருப்பாளா?" கோகிலா திரையை விட்டுவிட்டு அவரைப் பார்த்தாள். "இது அம்மாவைப் பத்திச் சொல்லலீங்கப்பா. அம்மா மாதிரி நூறு பேரை அந்தப் பக்கமும் நூறு பேரை இந்தப் பக்கமும் கூட்டிட்டுப் போனா எந்தப் பக்கம் அதிகம் பேரு பொழைப்பாங்கன்னு சொல்லுது. அம்மா ஒருத்தருக்குன்னா..." நிறுத்திக்கொண்டாள். "சொல்லு." "மிஷன் ஆஸ்பத்திரிக்கு மூணு ரோட்டுல இருந்து இருபது நிமிசம். இடது ரோட்டுல இருபது நிமிசம்னா எந்த இடம்?" யோசிக்கவே வேண்டியதில்லை. மில் கேட். "மில் கேட் தாண்டும்போது அம்மா இருந்திருந்தா, வலது பக்கம் போயிருந்தா உசுரோட உள்ள போயிருப்பாங்க. அதுக்கு முன்னாலயே உசுரு போயிருந்தா எந்த ரோடும் ஒண்ணுதானுங்கப்பா. அவங்க எந்த இடத்துலன்னு தெரிஞ்சா மட்டும்தான்."

எந்த இடத்தில். இருபத்தேழு பேருக்குத் தெரிந்தவருக்கு ஒருத்திக்குத் தெரியவில்லை. அன்றைக்குப் பின்னால் கூப்பாடு இல்லை, அழுகை இல்லை, கூப்பாடு நின்ற ஒரு மூச்சு நேரமும் இல்லை. இருக்குதுங்க மாப்ளே, போங்க. நாலு 'இருக்குது'. அதில் எத்தனை நிஜம், எதிலிருந்து பொய்? அவனுக்கு அதைக் கற்றுக்கொடுத்தது யாரென்று நினைப்பு வந்து முட்டியது, அவர் தள்ளினார், அது போகவில்லை. கோகிலா குழந்தைக்குக் காதுகுத்து, கறிவிருந்து, பந்தியில் பக்கத்து இலை. அவர்தான் பெருமையாகச் சொன்னார், "வண்டில ஒருத்தரும் சாவறதில்லீங்க மச்சான். பின்னால இருக்கறவன் டிரைவர்கிட்ட ஒருக்காலும் போயிருச்சுன்னு சொல்லப்புடாது. சொன்னா அவன் கை விட்டுப்போயிரும், எங்காச்சும் கொண்டுபோய் மோதிருவான். கேட்டா இருக்குதுன்னுதான் சொல்லோணும்." சாமியப்பன் எலும்பைக் கடித்துக்கொண்டே சிரித்தான், "அப்ப உங்க வண்டில ஏறிட்டா சாவே இல்லைங்கறீங்க. நானும் ஒரு பாய் தலகாணி கொண்டாந்து அதுலயே படுத்துக்கறனுங்க மாப்ளே." பந்தியே சிரித்தது. தெய்வாத்தாள் ரசம் ஊற்றிக்கொண்டே, "ரெண்டு பேரும் பேசற பேச்சைப் பாரு, நல்ல நாளும் அதுவுமா" என்றாள். கரண்டியிலிருந்து ஆவி வந்தது. அவள் மூக்குத்தியில் வேர்வை. சரி, நான்தான் சொன்னேன். சொன்னால் என்ன. அது ஊர்க்காரர்களுக்குச் சொன்னது. வண்டி போய்ச் சேருகிறவரைக்கும்தான் அந்தப் பொய். வண்டி நின்று நாலு வருசம் ஆகிவிட்டதே. பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைக் கொண்டுவந்து அவள் மேல் போர்த்தினான், மூணாம் நாள் பால் தெளிக்க வந்தான், கண்ணைப் பார்க்காமலே போனான். எந்த நாளிலாவது வந்து திண்ணென்று முன்னால் நின்று, மாப்ளே, இன்ன இடத்துல, என்று சொல்லியிருக்கலாமே. அது அவன் பொருளா? அவன் வைத்துக்கொள்ள என்ன பாத்தியதை?

"மாமாவைக் கேட்டுப் பாக்கட்டுமாப்பா?" என்றாள் கோகிலா. "வேண்டாம். கேட்டு வாங்கற சமாச்சாரமா அது. அவனா வந்து சொல்லோணும்." அவள் விரலால் மேசைமேல் ஒரு கோடு இழுத்தாள், திரும்ப அதே கோட்டை அழித்தாள். "எனக்கும் அம்மாதானுங்களேப்பா," என்றாள். "நான் ஒருக்கா கேட்டேன். போன வருசம். போன்ல." நாச்சிமுத்துவின் நாற்காலி கிறீச்சிட்டது. "என்ன சொன்னான்?" "இருந்துச்சு கண்ணு, கடைசி வரைக்கும் இருந்துச்சு, அப்படின்னாரு. அதேதான் திரும்பத் திரும்பச் சொன்னாரு. நான் வெச்சுட்டேன்."

ஐந்தாவது 'இருக்குது'. அவனுக்கு இன்னும் வண்டி போய்ச் சேரவில்லை. இன்னும் முதுகைக் காட்டிக்கொண்டு, அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு. கோகிலா அம்மாவின் வரியைத் தனியாக ஏற்றினாள். தேதி, நேரம், ஐம்பத்தாறு, இ. உ இருந்த இடத்தை அழித்தாள். எந்த இடம் என்கிற கட்டத்தில் ஒன்றும் போடவில்லை. அங்கே ஒரு சின்னக் கோடு மின்னி மின்னி அணைந்தது, இண்டிகேட்டர் மாதிரி. "வெறுமையா விட்டாலும் ஓடுங்கப்பா," என்றாள். "தெரியாத இடத்தை அதுவே எடுத்துக்கும். ஒரு தடவைக்குக் கல்லுப் பாலம்னு வெச்சுப் பாக்கும், ஒரு தடவைக்கு மில் கேட், ஒரு தடவைக்கு ரயில்வே லைன். பத்தாயிரம் தடவையும் வேற வேற. கடைசில ஒரு நம்பர் சொல்லும். ஓட்டட்டுங்களா?" அவர் கையை நீட்டி அவள் விரலைப் பிடித்துக்கொண்டார். கல்லுப் பாலத்தில் தெய்வாத்தாள் போனாள். காத்தாடிக்காட்டில், சுற்றாமல் நின்ற மூன்றாவது காத்தாடிக்குக் கீழே போனாள். மில் கேட்டுக்கு முன்னால் போனாள், மில் கேட் தாண்டிப் போனாள், வேகத்தடையில் போனாள், ஆஸ்பத்திரி வளைவுக்குள் நுழையும்போது போனாள். தினமும் எழுந்தவுடன், பல் விளக்கும்போது, பஸ்ஸில், சலூனில். இதற்கு ஒரு பெட்டி எதற்கு. "வேண்டாம் கண்ணு," என்றார். "மூடி வெச்சிரு."

அவள் மூடவில்லை. விசிறி மட்டும் அடங்கியது. கீழே கேட்டில் மருமகன் பைக் ஹாரன் அடித்தது, குழந்தை தாத்தா என்று கத்தியது. கோகிலா எழுந்து போனாள். நாச்சிமுத்து அந்த வெறுமையான கட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சாமியப்பனுக்கு அறுபத்தாறு வயசு, சர்க்கரை வேறு. அவனுக்கும் ஒருநாள் நெஞ்சு அடைத்தால் அந்த இடமும் அவனோடு போய்விடும். அதற்குள் வரவேண்டும். ஒரு மைல்கல், ஒரு மரம், ஒரு வேகத்தடை, எதுவானாலும் சரி, வந்து சொல்லியாக வேண்டும். ஒரே ஒரு இடம். அவன் இன்னும் தரவில்லை.